‘20 ஆம்ப்’ போர்டு உண்மையில் எவ்வளவு தாங்கும்? 24 வோல்ட் மோட்டாருக்கான ஸ்பீடு கன்ட்ரோலர் பற்றி

உள்ளங்கைக்குள் அடங்கும் போர்டு. ஒரு ஓரத்தில் நாலு திருகு டெர்மினல், நடுவில் சூட்டை வெளியேற்றும் அலுமினிய ஹீட்சிங்க், மூன்று ஒயரில் தொங்கும் ஒரு குமிழ். மேலே ‘10–60 வோல்ட், 20 ஆம்ப்’ என்று அச்சடித்திருக்கும். கம்பெனிப் பெயர் பெரும்பாலும் இருக்காது. நானூறு, ஐநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தாங்குமா என்று கேட்டால் கடைக்காரர் தரும் பதிலும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: “இருபது ஆம்ப்ணா, தைரியமா போடுங்க.”

சேலத்தில் இதற்குத் தேவை நிறைய. அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் தறிக்கான தார் (ஊடை நூல் ஏற்றும் சின்னக் குழல்) சுற்றும் ராட்டையில் கைச்சக்கரத்துக்குப் பதில் சின்ன டி.சி. மோட்டார் மாட்டுகிறவர்கள் வாங்குகிறார்கள். சோலார் பேட்டரியில் ஃபேன், பம்ப் ஓட்டுகிறவர்கள் வாங்குகிறார்கள். ஏற்காட்டில் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பரை மோட்டாருக்கு மாற்ற நினைப்பவர்களும் இதைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். மூன்று வேலைக்கும் ஒரே போர்டு என்பதில்தான் சிக்கலே.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். விலைக்கு இது நல்ல சாமான். ஆனால் அந்த 20 என்ற எண்ணை மறந்துவிட வேண்டும். நாள் முழுக்க ஓடும் வேலைக்கு 8 ஆம்ப், தனியாக ஒரு சின்ன ஃபேன் வைத்துக் காற்றடித்தால் 10 ஆம்ப் என்று வைத்துக்கொண்டால் வருஷக்கணக்கில் ஓடும். தார் ராட்டைக்குத் தாராளம். பல்பருக்கு வேண்டாம்.

அந்த 20 எங்கிருந்து வந்தது

போர்டு செய்யும் வேலை எளிது. மோட்டாருக்குப் போகும் கரன்ட்டை நொடிக்குப் பல ஆயிரம் தடவை விட்டு நிறுத்துகிறது. பாதி நேரம் விட்டால் 24 வோல்ட் மோட்டாருக்குச் சராசரியாக 12 வோல்ட் கிடைக்கும். பழைய ரியோஸ்டாட் முறையில் மீதி 12 வோல்ட் கம்பிச் சுருளில் சூடாக எரிந்து வீணாகும். இங்கே அது இல்லை. விட்டு நிறுத்தும் வேலையை மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச் செய்கிறது. நிறுத்திய நேரத்தில் மோட்டாருக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கரன்ட் சட்டென்று நிற்காது; அது சுற்றி வர, ஒரு திசையில் மட்டும் கரன்ட்டை விடும் டையோடு ஒன்று வழி கொடுக்கிறது. மோட்டார் டெர்மினலுக்குக் குறுக்கே உட்கார்ந்திருக்கும் அந்த ஃப்ரீவீல் டையோடை யாரும் கண்டுகொள்வதில்லை. போர்டு சாவது பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

போர்டில் ஐஆர்எஃப் 3205 என்ற மாஸ்ஃபெட் இருந்தால் அதன் டேட்டாஷீட்டில் 110 ஆம்ப் என்று இருக்கும். 75என்எஃப்75 என்றால் 80 ஆம்ப். அதைப் பார்த்துத்தான் 20 எல்லாம் தூசு என்று தோன்றுகிறது. அந்த 110, மாஸ்ஃபெட்டின் முதுகை 25 டிகிரியில் பிடித்து வைத்தால் கிடைக்கும் எண். சித்திரை மாதம் சேலத்தில் தகரக் கூரைக்கு அடியில் காற்றே 40 டிகிரியைத் தாண்டி இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சூடான பிறகு மாஸ்ஃபெட்டின் தடை ஏறத்தாழ 20 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குமிழ் 30 சதவீதத்தில் இருக்கிறது, மோட்டார் 10 ஆம்ப் இழுக்கிறது. மாஸ்ஃபெட்டில் சூடாவது 10 × 10 × 0.02 × 0.3, அதாவது 0.6 வாட். விட்டு நிறுத்தும்போது ஆகும் இழப்பு இதற்கு மேல் கொஞ்சம். டையோடில் 0.6 வோல்ட் விழுகிறது, 70 சதவீத நேரம் கரன்ட் அதன் வழியாகத்தான் போகிறது: 0.6 × 10 × 0.7, அதாவது 4.2 வாட். மாஸ்ஃபெட்டைப் போல ஏழு மடங்கு. இதே வேலையை 20 ஆம்ப்பில் செய்தால் இரண்டும் சேர்ந்து 12 வாட்டுக்குப் பக்கம் வந்துவிடும். போர்டோடு வரும் அளவிலான ஹீட்சிங்க், காற்றடிக்காமல் இருந்தால், ஒரு வாட்டுக்குச் சுமார் 10 டிகிரி ஏறும். 40 டிகிரி அறையில் 120 டிகிரி ஏற்றம். மொத்தம் 160. சாலிடர் உருகுவதற்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் பாக்கி.

குமிழைக் குறைத்தால் போர்டு குளிரும் என்று பலர் நினைக்கிறார்கள். இழுவை அதேதான் என்றால் நடப்பது நேர்மாறு. முழு வேகத்தில் டையோடுக்கு வேலையே இல்லை. குறைக்கக் குறைக்க அதன் பங்கு ஏறும். முழு வேகத்தில் இளஞ்சூட்டோடு ஓடிய போர்டு, கால் வேகத்தில் அதே பாரத்தை இழுக்கும்போது கை வைக்க முடியாமல் கொதிப்பது இதனால்தான்.

அடுத்த ஏமாற்று, ஆம்ப்மீட்டரில். பேட்டரி ஒயரில் மீட்டர் வைத்துப் பார்க்கிறோம், 5 ஆம்ப் காட்டுகிறது. சரி, 20-க்கு எவ்வளவோ இடம் இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். குமிழ் பாதியில் இருக்கும்போது பேட்டரி பக்கம் 5 ஆம்ப் என்றால் மோட்டார் பக்கம் 10 ஆம்ப் ஓடுகிறது. கால் வேகத்தில் என்றால் பேட்டரியில் 5, மோட்டாரில் 20. போர்டைச் சுடுவது மோட்டார் பக்கக் கரன்ட்தான். அளக்க வேண்டியது மோட்டார் ஒயரில், அதுவும் டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டரால். வீட்டு ஒயரிங் ஆட்கள் வைத்திருக்கும் சாதாரண டாங் டெஸ்டர் ஏ.சி.க்கு மட்டும், அதை நம்ப முடியாது.

மூன்றாவது பலவீனம் கெப்பாசிட்டர். உள்ளே வரும் பக்கம் 1000 மைக்ரோஃபேரட், 63 வோல்ட் ஒன்று இருக்கும். விட்டு விட்டு இழுக்கும் கரன்ட்டின் ஏற்ற இறக்கத்தை அதுதான் தாங்குகிறது. 10 ஆம்ப் மோட்டாரைப் பாதி வேகத்தில் ஓட்டினால் கெப்பாசிட்டரில் 5 ஆம்ப் அளவுக்கு ரிப்பிள் கரன்ட் ஓடலாம். அந்த அளவு சாதாரண கெப்பாசிட்டரால் அதில் பாதியைக்கூட நெடுநாள் தாங்க முடியாது. பேட்டரி ஒயர் நீளமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் ஒயரின் இண்டக்டன்ஸ் (கரன்ட் சட்டென்று மாறுவதை எதிர்க்கும் குணம்) காரணமாக பேட்டரி உதவிக்கு வராது. தலை உப்பிய கெப்பாசிட்டர், லேசான மீன் வாடை, இரண்டும் இதன் அடையாளம். கெப்பாசிட்டர் போன பிறகு ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் வோல்டேஜ் துள்ளி, மாஸ்ஃபெட்டை உடைக்கும். இதற்கு மருந்து மலிவு: 105 டிகிரி, லோ ஈ.எஸ்.ஆர். (உள் தடை குறைந்த) வகையில் 1000 மைக்ரோஃபேரட் 63 வோல்ட் இரண்டை பேட்டரி டெர்மினலிலேயே, பிளஸ் மைனஸ் பார்த்து, கூடுதலாக வைத்துவிடுங்கள். கெப்பாசிட்டரின் காலை எவ்வளவு குட்டையாக வெட்டுகிறீர்களோ அவ்வளவு நல்லது.

ஒரு எச்சரிக்கை. அதே கெப்பாசிட்டரை மோட்டார் டெர்மினலில் வைத்து ‘ஸ்மூத்’ பண்ணக் கூடாது. மாஸ்ஃபெட் ஒவ்வொரு தடவை கரன்ட்டை விடும்போதும் காலி கெப்பாசிட்டர் ஷார்ட் சர்க்யூட் மாதிரி இழுக்கும். சில நிமிஷத்தில் போர்டு முடிந்துவிடும். மோட்டாரின் பிரஷ் இரைச்சல் ரேடியோவில் கேட்கிறது என்றால் 104 என்று எழுதிய சின்ன செராமிக் ஒன்றை மோட்டாரின் வாயிலேயே பற்றவைத்தால் போதும்.

மோட்டார் நின்றுபோனால்

போர்டில் கரன்ட் லிமிட், அதாவது அளவுக்கு மேல் கரன்ட் போகாமல் தடுக்கும் ஏற்பாடு, இல்லை. இந்த ஒரு குறைதான் எது எதற்கு வாங்கலாம், எதற்கு வாங்கக் கூடாது என்பதைத் தீர்மானிக்கிறது.

ஓடுகிற மோட்டார் தானே ஒரு எதிர் வோல்டேஜை உண்டாக்கும். 24 வோல்ட்டில் ஓடும்போது உள்ளே 21 வோல்ட் எதிர்த்து நிற்கிறது என்றால், மிச்சம் 3 வோல்ட்தான் கரன்ட்டைத் தள்ளுகிறது. ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றும் சுருள்) தடை 0.3 ஓம் என்றால் 10 ஆம்ப். மோட்டார் சிக்கி நின்றால் எதிர் வோல்டேஜ் பூஜ்யம். 24-ஐ 0.3-ஆல் வகுத்தால் 80 ஆம்ப். தொடங்கும் நொடியிலும் இதே கதை. அதனால்தான் குமிழை முழுசாகத் திருப்பி வைத்துவிட்டு சுவிட்சைப் போடக் கூடாது என்பது.

ஃபியூஸ் போட்டிருக்கிறோமே என்று கேட்கலாம். 15 ஆம்ப் வண்டி ஃபியூஸ் 30 ஆம்ப்பில் உடனே போகாது, சில சமயம் சில நொடிகள் எடுக்கும். மாஸ்ஃபெட்டுக்கு அவ்வளவு அவகாசம் வேண்டியதில்லை. ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரையும் பட்டறையையும்தான், போர்டை இல்லை. அதனால் ஃபியூஸ் வேண்டாம் என்று அர்த்தமில்லை. கட்டாயம் போடுங்கள், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்.

கடையில் வாட் சொல்லி வாங்குவதைவிட மோட்டாரின் தடையை அளந்துவிட்டு வாங்குவது மேல். சாதாரண மல்டிமீட்டர் ஒரு ஓமுக்குக் கீழ் சரியாகக் காட்டாது. 12 வோல்ட் பேட்டரியோடு 12 வோல்ட் ஹெட்லைட் பல்பை சீரியஸில் போட்டு, தண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மோட்டாருக்குக் குறுக்கே எத்தனை வோல்ட், வழியில் எத்தனை ஆம்ப் என்று பார்த்து வகுத்தால் தடை கிடைத்துவிடும். தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நாலைந்து இடத்தில் பாருங்கள், பிரஷ் உட்காரும் இடத்தைப் பொறுத்து மாறும். சப்ளை வோல்டேஜை அந்தத் தடையால் வகுத்து வருவதுதான் உங்கள் மோட்டார் கேட்கக்கூடிய அதிகபட்சக் கரன்ட்.

பேட்டரி சைக்கிளில் வரும் எம்.ஒய். 1016 வகை 24 வோல்ட், 250 வாட், 2650 சுற்று மோட்டாரையே பாருங்கள். முழுப் பாரத்தில் 13 ஆம்ப்புக்கு மேல் அது இழுப்பது இயல்புதான். பாதி வேகத்தில் அவ்வளவு இழுத்தால் போர்டு திணறும். அந்த மோட்டாருக்குப் பொருத்தமானது பேட்டரி சைக்கிள் பிரஷ் மோட்டார் கன்ட்ரோலர். அலுமினியப் பெட்டிக்குள் வரும், கரன்ட் லிமிட் உண்டு, பேட்டரி 20, 21 வோல்ட்டுக்கு இறங்கினால் தானே நிறுத்தும். விலை கொஞ்சம் கூட. ஆக்ஸிலரேட்டர் ஒயர் மூன்றில் சிவப்பு 5 வோல்ட், கறுப்பு மைனஸ், மூன்றாவது சிக்னல். கைப்பிடிக்குப் பதில் 5 கே (5000 ஓம்) பொட்டன்ஷியோமீட்டரை, அதாவது குமிழை, அந்த மூன்றுக்கும் வைத்து ஓட்டலாம். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மீட்டரில் 5 வோல்ட்டைப் பார்த்துவிட்டு இணையுங்கள்.

தார் ராட்டையில் மாட்டும்போது

இந்தப் போர்டு பிறந்ததே இந்த வேலைக்குத்தான் என்று சொல்லலாம். பாரம் குறைவு, அதிகம் மாறாது. மோட்டார் 24 வோல்ட்டில் இரண்டு மூன்று ஆம்ப்புக்கு மேல் இழுக்காது. ஊடை நூல், அதுவும் பட்டு, திடீர் இழுப்பில் அறுந்துவிடும். குமிழை மெல்லத் திருப்பித் தொடங்க முடிவதே பெரிய வசதி.

சப்ளைக்கு, வீட்டு மின்சாரத்தை டி.சி.யாக மாற்றும் 24 வோல்ட், 5 ஆம்ப் எஸ்.எம்.பி.எஸ். போதும். அதன் எர்த் டெர்மினலை எர்த் ஒயரில் இணைக்க மறக்காதீர்கள். போர்டின் பேட்டரி பிளஸ், மைனஸில் சப்ளை; மோட்டார் டெர்மினல் இரண்டில் மோட்டார். இரண்டையும் மாற்றிக் கொடுத்தால், சில போர்டில் புகை வரும், சிலவற்றில் மோட்டார் குமிழைக் கேட்காமல் ஓடும். ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர் போதும். இதே 10 ஆம்ப் வேலையாக இருந்தால் 2.5 போடுங்கள்: ஐந்து மீட்டர் தூரத்துக்குப் போக வர 10 மீட்டர், 2.5-ல் 0.8 வோல்ட் போகும். 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் ஏறத்தாழ 2 வோல்ட் போய்விடும். போர்டை மோட்டார் பக்கம் நகர்த்தி பேட்டரி ஒயரை நீட்டாதீர்கள். மோட்டார் ஒயர் நீளலாம், பேட்டரி ஒயர் குட்டையாக இருக்க வேண்டும். காரணம் மேலே சொன்ன கெப்பாசிட்டர்.

தறிக்கூடத்தில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. கரன்ட் போய்த் திரும்ப வரும்போது குமிழ் நடுவில் இருந்தால் மோட்டார் அந்த வேகத்திலேயே குப்பென்று தொடங்கும். நூல் அறும், கதிருக்குப் பக்கத்தில் கை இருந்தால் கை போகும். குமிழ் பூஜ்யத்துக்கு வந்தால்தான் தொடங்குவேன் என்ற அறிவு இந்தப் போர்டுக்குக் கிடையாது. 24 வோல்ட் ரிலே ஒன்று, ஸ்டார்ட் பட்டன் ஒன்று, ஸ்டாப் பட்டன் ஒன்று வாங்கி, ரிலேயின் ஒரு கான்டாக்டையே ஹோல்டிங்காக (பட்டனை விட்ட பிறகும் ரிலேயைப் பிடித்து வைக்கும்படி) கட்டிவிட்டால் கரன்ட் வந்தாலும் பட்டனை அழுத்தும்வரை மோட்டார் அசையாது. நூறு, நூற்றைம்பது ரூபாய்ச் சமாச்சாரம். இதைப் போர்டிலேயே வைத்துக் கொடுக்காதது தயாரிப்பாளரின் கஞ்சத்தனம்.

அந்த ஸ்டாப் பட்டன் வேறொரு காரணத்துக்கும் வேண்டும். மாஸ்ஃபெட் போனால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் போகும். மோட்டார் நிற்காது, முழு வேகத்துக்குப் போகும், குமிழ் வேலை செய்யாது. அப்போது குமிழின் ‘டிக்’ சுவிட்சை நம்பினால் ஒன்றும் நடக்காது, பல போர்டுகளில் அது சின்னக் கரன்ட்டை மட்டும்தான் வெட்டுகிறது. பிளஸ் லைனையே வெட்டும் சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வீட்டு 6 ஆம்ப் லைட் சுவிட்சைப் போடாதீர்கள். ஏ.சி.யில் நொடிக்கு நூறு தடவை கரன்ட் பூஜ்யமாகிப் பொறி தானே அணையும், டி.சி.யில் அணையாமல் கான்டாக்டைத் தின்னும். டி.சி. எம்.சி.பி. அல்லது வண்டிகளுக்கான சுவிட்ச், ரிலே போடுங்கள்.

வேகம் நிலையாக நிற்குமா? மேலே சொன்ன 0.3 ஓம் மோட்டாரையே எடுத்துக்கொள்வோம். சராசரி 24 வோல்ட்டில் 10 ஆம்ப் பாரம் ஏறினால் 3 வோல்ட் உள்ளே விழுந்து வேகம் எட்டில் ஒரு பங்கு குறையும். 12 வோல்ட்டில் அதே பாரம் ஏறினால் அதே 3 வோல்ட்தான், ஆனால் குறைவது நாலில் ஒரு பங்கு. மெதுவாக ஓட்டும்போது மோட்டார் ‘சோர்ந்துபோவது’ இதனால். இந்தப் போர்டு வேகத்தைப் பார்ப்பதில்லை, குமிழை மட்டும் பார்க்கிறது. தார் சுற்ற இது ஒரு குறையே இல்லை. வேகம் அச்சடித்தாற்போல் நிற்க வேண்டிய வேலைக்கு டேக்கோ ஃபீட்பேக் (வேகத்தை அளந்து சரிசெய்வது) அல்லது ஐ.ஆர். காம்பன்சேஷன் (பாரம் ஏறும்போது உள்ளே விழும் வோல்ட்டை ஈடுகட்டுவது) உள்ள டிரைவுக்குப் போக வேண்டும்.

வேகத்தைப் பாதிக்கும் கீழே இறக்க வேண்டும் என்றால் குமிழை விட்டுவிட்டு புல்லியை மாற்றுங்கள். 2650 சுற்று மோட்டாரில் 2 அங்குல புல்லி, எதிரில் 6 அங்குலம் என்றால் 880 சுற்று வந்துவிடும், இழுவிசையும் மூன்று மடங்கு. மிச்ச ஏற்ற இறக்கத்துக்குக் குமிழ். மோட்டாருக்கும் இது நல்லது, மெதுவாகச் சுற்றும்போது அதன் சொந்தக் காற்று போதாமல் பிரஷ் பக்கம் சூடேறும்.

வைப்பர் மோட்டார், திசை மாற்றும் சுவிட்ச்

பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் கார் வைப்பர் மோட்டார் சேலத்தில் பலருக்கும் பிரியமானது. வார்ம் கியர் உள்ளேயே இருப்பதால் மெதுவாக, கெட்டியாக இழுக்கும். ஆனால் பல வைப்பர் மோட்டார்களில் உடம்பே மைனஸ். இந்தப் போர்டு மைனஸ் பக்கத்தை வெட்டி வெட்டி விடும் வகை. பிளஸ் எப்போதும் மோட்டாரில் நேராக நிற்கும். மோட்டாரை இரும்புச் சட்டத்தில் முடுக்கி, அதே சட்டத்தில் பேட்டரி மைனஸும் தொட்டுக்கொண்டிருந்தால், போர்டைத் தாண்டி கரன்ட் போய்விடும், மோட்டார் முழு வேகத்தில் ஓடும். போர்டு ரிப்பேர் என்று திரும்பக் கொண்டுவரப்படுபவற்றில் இந்த வகையும் உண்டு. ரப்பர், நைலான் வாஷர் வைத்து உடம்பைத் தனிமைப்படுத்துங்கள். இல்லையென்றால் பேட்டரி மைனஸைச் சட்டத்தில் படாமல் வையுங்கள்.

திசை மாற்ற, இரண்டு ஒயரையும் ஒரே தட்டில் இடம் மாற்றும் டி.பி.டி.டி. சுவிட்சை மோட்டார் ஒயரில் போடுவது வழக்கம். ஓடிக்கொண்டிருக்கும்போது அதைத் தட்டினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். மோட்டார் இன்னும் சுற்றுவதால் அதன் எதிர் வோல்டேஜ் இருக்கிறது. ஒயர் மாறியதால் அதன் திசை இப்போது ஃப்ரீவீல் டையோடுக்கு நேராகிவிட்டது. மோட்டாரே டையோடு வழியாகத் தன்னை ஷார்ட் செய்கிறது. 20 வோல்ட், 0.3 ஓம், கிட்டத்தட்ட 65 ஆம்ப். டையோடு ஷார்ட் ஆகும். அடுத்த நொடி மாஸ்ஃபெட் கரன்ட்டை விடும்போது பிளஸ்ஸும் மைனஸும் நேராகச் சேர்ந்து அதுவும் போகும். குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, தண்டு முழுசாக நின்ற பிறகு மட்டும் திசை மாற்ற வேண்டும். அவசரக்காரர்கள் புழங்கும் இடம் என்றால் திசையைத் தானே மாற்றித் தரும் எச்-பிரிட்ஜ் வகை போர்டு வாங்குவது மேல்.

மலைக்கு மேலே

ஏற்காடு 1500 மீட்டர் உயரம். மோட்டார்களின் தரத்தை நிர்ணயிக்கும் ஐ.ஈ.சி. 60034-ல் குறிக்கும் திறன் 1000 மீட்டர் வரைக்கும், 40 டிகிரி காற்றுக்கும்தான். அதற்கு மேல் காற்று லேசாகி, சூட்டைக் குறைவாகவே எடுத்துப்போகும். மலையில் காற்று குளிர்ச்சியாக இருப்பதால் இந்த நஷ்டம் பெரும்பாலும் சரியாகிவிடும். உயரத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது பனிமூட்டத்துக்கு. ராத்திரி குளிர்ந்த போர்டின் மேல் காலையில் ஈரம் படியும். பொட்டன்ஷியோமீட்டரின் கார்பன் தடம், மாஸ்ஃபெட் கால்களுக்கு இடைப்பட்ட இடம் இரண்டும் முதலில் கெடும். குமிழைத் தொடாமலே வேகம் ஏறி இறங்கினால் அதுதான். போர்டை மூடிய பெட்டிக்குள் செங்குத்தாக, ஒயர் எல்லாம் அடியிலிருந்து நுழையும்படி வையுங்கள். போர்டின் இரண்டு பக்கமும் காப்பு வார்னிஷ் ஒரு பூச்சு. ஹீட்சிங்க், டெர்மினல், குமிழின் வாய் மூன்றிலும் வார்னிஷ் படக் கூடாது.

பல்பருக்கு வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொன்னதற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். பழத்தோடு ஒரு கல், காய்ந்த கொட்டை ஒன்று டிரம்முக்கும் தகட்டுக்கும் நடுவில் மாட்டினால் மோட்டார் அப்படியே நிற்கும். அறுவடை நாளில் அது எத்தனை தடவை நடக்கும் என்று தோட்டக்காரருக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் 80 ஆம்ப். கரன்ட் லிமிட் உள்ள பேட்டரி சைக்கிள் கன்ட்ரோலர், இரண்டு கட்டமாக வேகம் குறைக்கும் புல்லி, கடைசிக் கட்டத்தில் வழுக்கிவிடும்படி கொஞ்சம் தளர்ந்த பெல்ட், இந்த மூன்றும் பல்பருக்கு வேண்டும். பழத்தைக் கொட்டிய பிறகு தொடங்காமல், ஓட விட்ட பிறகு கொட்டுங்கள்.

எதற்கு அறவே ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று தடிமனான ஒயர் வரும், பிரஷ் இல்லாத பி.எல்.டி.சி. மோட்டார், பேட்டரி ஸ்கூட்டரின் ஹப் மோட்டார் இதில் ஓடாது. செவ்வாய்பேட்டை கொலுசுப் பட்டறைகளில் தொங்கும் ஃப்ளெக்ஸிபிள் ஷாஃப்ட் டிரில்லுக்குள் இருப்பது 230 வோல்ட் யுனிவர்சல் மோட்டார். அதற்கு வேறு ரெகுலேட்டர். 180 வோல்ட் டி.சி. மோட்டாருக்கு தைரிஸ்டர் டிரைவ்தான், அதில் குமிழின் முனைகள்கூட மெயின்ஸோடு தொடர்பில் இருக்கலாம் என்பதால் இந்தச் சின்ன போர்டில் நோண்டிய பழக்கத்தில் அங்கே கை வைக்காதீர்கள்.

கடையில் பார்க்க வேண்டியதும், கெட்டால் பார்க்க வேண்டியதும்

மாஸ்ஃபெட் எண்ணைப் படியுங்கள். 60 வோல்ட் என்று எழுதிய போர்டில் ஐஆர்எஃப் 3205 இருந்தால் அதன் உச்சவரம்பே 55 வோல்ட். அந்த போர்டு 24 வோல்ட்டுக்கு நல்லது, 48-க்கு ஆபத்து. 48 வோல்ட் பேட்டரி முழுச் சார்ஜில் 57-க்கு மேல் போகும். 75 வோல்ட் தாங்கும் 75என்எஃப்75 இருந்தால் கொஞ்சம் நிம்மதி. எண் சுரண்டப்பட்டிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். டையோடு மாஸ்ஃபெட் அளவுக்குப் பெரியதாக, அதே ஹீட்சிங்கில் முடுக்கியிருக்க வேண்டும். மிளகு அளவு கறுப்பு டையோடு ஒன்று மட்டும் இருந்தால் அது 20 ஆம்ப்பும் இல்லை, 10-ம் இல்லை. போர்டைத் திருப்பி, கரன்ட் போகும் பட்டையில் தடிமனாக சாலிடர் ஓட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியை அதன்மேல் படுக்கவைத்துப் பற்றவைத்தால் போதும்.

கெட்ட போர்டை மல்டிமீட்டரின் டையோடு முனையில் இரண்டு நிமிஷத்தில் பார்த்துவிடலாம். பேட்டரி, மோட்டார் இரண்டையும் கழற்றிவிட்டு, சிவப்பை மோட்டார் மைனஸிலும் கறுப்பை மோட்டார் பிளஸ்ஸிலும் வையுங்கள். 0.2-லிருந்து 0.5-க்குள் காட்டினால் டையோடு உயிரோடு இருக்கிறது. அடுத்து சிவப்பை பேட்டரி மைனஸிலும் கறுப்பை மோட்டார் மைனஸிலும் வைத்தால் 0.4, 0.5 காட்ட வேண்டும். மாற்றி வைத்தால் கெப்பாசிட்டர் நிறைகிறவரை எண் ஓடிவிட்டுத் திறந்த நிலை காட்ட வேண்டும். இரண்டு பக்கமும் ‘பீப்’ என்றால் மாஸ்ஃபெட் ஷார்ட். மாஸ்ஃபெட்டை மாற்றும்போது டையோடையும் சேர்த்து மாற்றுங்கள், நன்றாக இருப்பதாகத் தெரிந்தாலும். அரைகுறையாகச் சுட்ட டையோடு புது மாஸ்ஃபெட்டை ஒரு வாரத்தில் கொண்டுபோய்விடும்.

இரண்டும் நன்றாக இருந்தும் மோட்டார் ஓடவில்லை, அல்லது குமிழ் ஒரு இடத்தில் மட்டும் துள்ளுகிறது என்றால் பொட்டன்ஷியோமீட்டர். பெரும்பாலும் 100 கே. அதன் ஒயரை ஒரு அடிக்கு மேல் நீட்டாமல், மோட்டார் ஒயரோடு கட்டாமல் தனியாகக் கொண்டுபோங்கள். போர்டு வாங்கும்போதே 100 கே ஒன்று, மாஸ்ஃபெட் ஒன்று, டையோடு ஒன்று, அவற்றுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் வைக்கும் மைக்கா ஷீட் இரண்டு சேர்த்து வாங்கி வைத்துவிட்டால், முகூர்த்த சீசனில் தறி நிற்கும்போது பஸ் ஏறிக் கடைக்கு ஓட வேண்டியதில்லை.